சாக்கும் சாம்பலும் காத்த குதிரைகள்

காவிரிப் படுகையில் குதிரையின் வரலாறு என்றதும் நாம் தேடிப் போவது விலைக்கணக்கைத்தான். புகார்த் துறையில் கடல்வழி வந்திறங்கிய புரவிகளைப் பட்டினப்பாலை சொல்கிறது. சோழர் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் வருகிறார்கள். 1279-க்குப் பின் சோழநாடும் பாண்டியர் கைக்குப் போன காலத்தில், கீஷ் தீவு வணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளை மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்ததையும், குதிரை ஒன்றுக்கு 220 தினார் விலை பேசியதையும் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதி வைத்திருக்கிறார். இத்தனை பொன் கொட்டி வாங்கிய மிருகத்துக்கு மறுநாள் காலையில் எதில் தண்ணீர் காட்டினார்கள், எதைக் கொண்டு மேலைத் தேய்த்தார்கள், மழைக்கால இரவில் அதன் காலடியில் எதைப் பரப்பினார்கள் என்பது எந்தக் கணக்கிலும் இல்லை. ஆனால் குதிரை உயிரோடு இருந்ததும் செத்ததும் இந்தச் சில்லறை விஷயங்களில்தான். வீட்டிலும் வயலிலும் கழித்துப் போட்ட மலிவுப் பொருள்களே இந்த ஈரமண்ணில் குதிரையை நிலைக்க வைத்தன, கஜானா அல்ல என்பது என் வாதம்.

கஜானா என்ன செய்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. மாபார் அரசன் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கு மேல் குதிரை வாங்குகிறான், ஆண்டு முடிவில் நூறு கூட மிஞ்சுவதில்லை என்கிறார் மார்க்கோ போலோ. சோற்றோடு வேகவைத்த இறைச்சியைக் குதிரைக்குக் கொடுத்ததாகவும் சொல்கிறார். வஸ்ஸாஃப் சொல்வது வறுத்த வாற்கோதுமை, வெண்ணெய் சேர்த்த தானியம், காய்ச்சிய பசும்பால். கொழுக்க வேண்டும் என்று நாற்பது நாள் முளையடித்துக் கட்டியே வைத்திருந்தார்களாம். இரண்டு பேரும் வணிகர் வாய்மொழியை நம்பி எழுதியவர்கள்தானே, புதுக் குதிரைக்கு எப்போதும் சந்தை இருக்கிறது என்று காட்டுவதில் வணிகருக்கு ஆதாயம் உண்டே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எண்ணிக்கையை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் தீனியைப் பற்றிய செய்தி கால்நடை மருத்துவத்தோடு பொருந்துகிறது. குதிரையின் இரைப்பை சிறியது. உண்டது ஒத்துக்கொள்ளாவிட்டால் அதனால் வாந்தி எடுக்க முடியாது. ஓடி வளர்ந்த குதிரையை நடக்கவிடாமல் கட்டிப்போட்டுக் கொழுப்பையும் தானியத்தையும் ஊட்டினால் வயிற்றுச் சூலை வரும், குளம்புக்குள் அழற்சி வரும். இறைச்சியும் பாலும் ஏழை வீட்டுத் தீனி அல்ல, பணக்காரத் தீனி. அந்தக் குதிரைகள் பற்றாக்குறையால் மாண்டதாகத் தெரியவில்லை. செலவு செய்தே கொன்றிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது.

இங்கே பூதலூரைப் பார்ப்பது உதவும். தஞ்சைக்கும் திருச்சிக்கும் நடுவே, நன்செயும் புன்செயும் தொட்டுக்கொள்ளும் ஊர் இது. வடக்கே திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் ஆற்றுப்பாசன வயல். தெற்கே செங்கிப்பட்டி, வல்லம் பக்கம் செம்மண் மேடு. மேட்டூர் அணையோடு 1934-இல் கல்லணைக் கால்வாய் வரும்வரை இந்தக் கோடு இன்னும் கூர்மையாக இருந்தது. நெல் நாட்டில் தீனிக்கு என்ன குறை என்று தோன்றும். மாட்டுக்குக் குறை இல்லை. அசைபோடும் மாட்டின் வயிறு வைக்கோலையும் கரைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. வைக்கோலை மட்டும் தின்று குதிரை உழைக்க முடியாது. மலைபோல் வைக்கோல் போர் நிற்கும் ஊரில் குதிரை பட்டினி கிடக்கக்கூடும் என்பதே டெல்டாவின் சிக்கல். இதைத் தீர்த்தவை இரண்டு: புன்செய்க் கொள்ளும், வரப்பு அருகம்புல்லும். இரண்டும் மலிவு. கொள்ளு மேட்டு நிலத்தில் மானம் பார்த்து விளைவது, அரிசியோடு ஒப்பிட்டால் விலையில்லாதது. புல்லுக்கு விலையே இல்லை, உழைப்பு மட்டும்தான். வெள்ளைக்காரர் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் குதிரைக்காரரோடு புல்வெட்டியும் சேர்ந்தே வேலைக்கு வைக்கப்பட்டார். பல இடங்களில் குதிரைக்காரரின் மனைவியே அந்த வேலையைச் செய்தார். வேரோடு செதுக்கிய அருகை மண் போக உதறி அலசிக் கட்டாகக் கொண்டுவந்து போட்ட அந்தப் பெண்களின் பெயர் எந்த ஆவணத்திலும் இல்லை. என் பார்வையில் சவாரி செய்தவர்களைவிட அவர்களே குதிரை வரலாற்றின் முக்கியமான மனிதர்கள்.

கொள்ளைப் பச்சையாகக் கொடுப்பதில்லை. ஊறவைத்தோ அவித்தோ ஆறவிட்டுத்தான் கொடுப்பார்கள். பழைய மண்பானை ஒன்று அதற்கென்றே ஒதுங்கிவிடும். சமையலுக்கு ஆகாத, வாய் உடைந்த பானை கொள்ளு அவிக்கப் போதும். அவித்த நீரை இறுத்தால் அது வீட்டுக்காரருக்கு ரசம். அடியில் நிற்பது மிருகத்துக்கு. ஒரே அடுப்பு, ஒரே விறகு. அடுப்பில் மிஞ்சும் சாம்பலும் வீண் போகாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கொட்டில் தரை சொதசொதவென்று ஆகிவிடும். ஈரத்தில் நின்றுகொண்டே இருக்கும் குதிரைக்குக் குளம்பின் அடிப்பகுதி அழுகும். சாம்பலும் ஆற்றுமணலும் உமியும் பரப்பினால் தரை காயும், மூத்திர வாடை அடங்கும். வைக்கோலைத் தின்னக் கொடுக்காவிட்டாலும் கைப்பிடி அளவு முறுக்கிப் பிரியாக்கினால் வேர்வையைத் தேய்த்தெடுக்க அதைவிட நல்ல கருவி இல்லை. கருக்காயும் வேப்பிலையும் போட்டு மூட்டம் வைத்தால் கொசுவும் ஈயும் விலகும். மருந்து புகட்ட ஒரு முனை சாய்வாகச் சீவிய மூங்கில் குழாய். இவை எல்லாம் குதிரைக்கென்று கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. மாட்டுக்கொட்டகையில் தலைமுறை தலைமுறையாகப் பழகியவை. குதிரைதான் அவற்றிடம் வந்து சேர்ந்தது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. தஞ்சையில் குதிரை வளர்ப்பு ஏட்டறிவாகவே இருந்தது. நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாஸ்திரம் வண்ணப் படங்களோடு சரசுவதி மகாலில் இருக்கிறது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மருத்துவத்துக்கென்றே தன்வந்திரி மகால் நடத்தியவர். அப்படியிருக்கச் சாம்பலையும் உடைந்த பானையையும் பெரிதாகப் பேசுவது ஏன் என்று கேட்பார்கள். அந்த ஏடுகள் பொக்கிஷம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நம் நாட்டுக் குதிரை வைத்தியம் கையாண்ட இஞ்சி, பூண்டு, மிளகு, பெருங்காயம், நல்லெண்ணெய் எல்லாம் அஞ்சறைப் பெட்டியைச் சேர்ந்தவை. அரண்மனை வைத்தியரும் மாட்டுக்கொட்டகைக் கிழவரும் எடுத்தது ஒரே சரக்கைத்தான். சாஸ்திரம் நோயின் குறியையும் அளவையும் முறைப்படுத்தியது. பொருளைக் கொடுத்தது சமையலறை.

பிறகு ரயில் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861-இலும், அங்கிருந்து பூதலூர் வழியாகத் திருச்சிக்கு 1862-இலும் கிரேட் சதர்ன் ஆஃப் இந்தியா ரயில்வே தடம் போட்டது. ஸ்டேஷன் வந்தால் வாசலில் வண்டி வேண்டும். தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் அந்த இடத்தை ஒற்றைக் குதிரை பூட்டிய ஜட்கா பிடித்துக்கொண்டது. அரசரின் லாயத்தில் நின்ற மிருகம் கூலிக்காரரின் குடிசையோரத்துக்கு வந்தது அப்போதுதான். அதே ரயில் இரண்டு புதிய கழிவுப் பொருள்களையும் கொண்டுவந்தது: சணல் சாக்கு, மண்ணெண்ணெய் டின். வங்காளத்தில் முதல் சணல் ஆலை 1855-இல் தொடங்கியது. சில பத்தாண்டுகளில் இங்கே நெல்லும் உப்பும் சாக்கில்தான் பயணம் செய்தன. ஒரு சாக்கு ஜட்காவில் எத்தனை பிறவி எடுத்தது என்று பாருங்கள். வண்டியின் பலகைமேல் புல்லைப் பரப்பி அதன்மேல் சாக்கை விரித்தால் சவாரிக்கு மெத்தை. வண்டி நின்ற இடத்தில் அந்த மெத்தையிலிருந்தே ஒரு பிடி உருவிக் குதிரைக்குப் போடலாம். மடித்துத் தைத்து வாயில் கயிறு கோத்தால் கழுத்தில் மாட்டும் கொள்ளுப் பை. தீனி தெருவில் சிந்தாது. சேணத்துக்கு அடியில் வேர்வை உறிஞ்சும் திண்டு. மார்கழிப் பனியில் முதுகுப் போர்வை. நைந்து கிழிந்ததும் மேல் தேய்க்கும் துணி. டின்னும் அப்படித்தான். நான்கு காலன், அதாவது சுமார் 18 லிட்டர் கொள்ளும் சதுரத் தகரம். மேல் மூடியை வெட்டிவிட்டுக் குறுக்கே ஒரு கட்டையை ஆணியடித்தால் வாளி. வெயில் காலத்தில் உழைக்கும் குதிரை குடிக்கும் நீர் நாளொன்றுக்கு இரண்டு டின் அளவு. அளந்து பார்க்காமலே வண்டிக்காரர் கணக்கு வைத்துக்கொள்ள இது போதும்.

ஜட்காக் குதிரை பிழைத்தது பராமரிப்பால் அல்ல, அது மட்டக் குதிரை என்பதால்தான்; அரபுக் குதிரையோடு அதை ஒப்பிடவே கூடாது என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை. இந்த மண்ணின் சூட்டையும் ஈயையும் நாட்டு மட்டம் கூடுதலாகத் தாங்கும். ஆனால் மட்டத்துக்கும் வைக்கோல் ஒத்துக்கொள்ளாது, அதன் குளம்பும் ஈரத்தில் அழுகும். இனம் கொடுத்த தாக்குப்பிடிப்பை நாள்தோறும் காப்பாற்றிக் கொடுத்தது கொள்ளுப் பானையும் சாம்பல் தரையும்தான். இதைவிட எனக்கு உறுத்தலான மறுப்பு வேறு: எலும்பு தெரியும் குதிரை, மடிப்பு விழுந்த சாக்கு அறுத்த புண், சவுக்கடி. இவையும் ஜட்கா வரலாறுதான். மிருகவதைத் தடைச் சட்டம் 1890-லும் பிறகு 1960-லும் வந்ததற்குக் காரணம் இருந்தது. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வேலை வாங்கக் கூடாது, நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 1965 விதிகள் சொல்ல வேண்டியிருந்தது. மலிவுப் பொருள் இருந்தால் மட்டும் போதாது. சாக்கை மடிப்பில்லாமல் போட்டுத் தினமும் உதறிக் காயவைக்கும் கை வேண்டும். கூலி குறைந்து ஓய்வில்லாமல் போன வண்டிக்காரரிடம் அந்தக் கை சோர்ந்துபோனது. அதை அவர் குணக்கேடு என்று மட்டும் தள்ளிவிட முடியாது. குதிரையின் புண்ணில் சவாரிக் கூலியின் கதையும் இருக்கிறது.

ஜட்கா போய்விட்டது. அந்தியூர் ஆடிச் சந்தையில் இன்னும் குதிரை விலைபோகிறது; டெல்டாக் கொட்டகைகளில் மாடு நிற்கிறது. கழித்ததை எடுத்துப் பயன்படுத்தும் பழக்கமும் நிற்கவில்லை. யூரியாச் சாக்கு படுதாவாகிறது, பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம் தொட்டியாகிறது, கயிற்றின் இடத்தில் நைலான். பழைய சிக்கனத்தின் தொடர்ச்சிதானே இது என்று பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. சணல் ஈரத்தை உறிஞ்சும், காற்றை விடும், கடைசியில் குப்பைக்குழியில் மக்கும். பிளாஸ்டிக் சாக்கை முதுகில் போட்டால் வேர்வை உள்ளேயே நின்று தோல் வேகும். கிழிந்த இழையை மாடு மேய்ந்தால் அது வயிற்றிலேயே தங்கிவிடும். நைலான் நனைந்தாலும் இற்றுப்போகாது, இழுத்தால் கழுத்தை அறுக்கும். டிரம்மில் முன்பு என்ன இருந்தது என்ற கேள்வி எல்லாவற்றுக்கும் மேலானது. மண்ணெண்ணெய் டின்னைச் சாம்பல் போட்டு நாற்றம் போகத் தேய்த்துவிடலாம். பூச்சிமருந்து வந்த கேனை எப்படிக் கழுவினாலும் அதில் எந்த மிருகத்துக்கும் தண்ணீர் காட்டக் கூடாது. பூதலூர்ப் பக்கம் உரக்கடையிலிருந்து வரும் காலிப் பொருளில் எதைக் கொட்டகைக்குள் விடலாம், எதை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்று இன்று முடிவு செய்பவர், அந்தப் பழைய வண்டிக்காரரின் வேலையைத்தான் செய்கிறார். அவருக்கு உதவ ஏட்டு வைத்தியமும் இல்லை, உரச்சாக்கின் மேல் தெளிவான தமிழில் எச்சரிக்கையும் போதவில்லை.