பெயரில்லாத பதக்கத்திலிருந்து பணிச்சிறப்புப் பதக்கம் வரை: இந்தியப் படை விருதுகளின் வளர்ச்சி

திப்பு சுல்தானின் ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கோட்டை 1799 மே 4 அன்று வீழ்ந்தது. அந்த வெற்றிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் மாத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் ஒரு பதக்கம் அடிக்கச் செய்தது. அச்சுருவை வெட்டியவர் கூக்லர் என்னும் ஜெர்மானியக் கலைஞர். ஒரு பக்கத்தில் புலியைத் தரையோடு அழுத்தி நிற்கிறது சிங்கம். மேலே பறக்கும் கொடியில் அரபு வாசகம். மறுபக்கத்தில் கோட்டைத் தாக்குதல் காட்சி. தாக்குதல் நடந்தது நண்பகல் என்பதைச் சொல்ல, சூரியனை உச்சியில் வைத்திருக்கிறார் கூக்லர். அடியில் பாரசீக எழுத்து. படைத்தலைவர்களுக்குத் தங்கம், அடுத்த நிலை அதிகாரிகளுக்குத் தங்க முலாமிட்ட வெள்ளி, கேப்டன்களுக்கும் அவர்களுக்குக் கீழான அதிகாரிகளுக்கும் வெள்ளி, ஹவில்தார் போன்றோருக்கு வெண்கலம், சிப்பாய்க்குத் தகரம் என ஐந்து உலோகங்களில் ஒரே உருவம். பெற்றவர் பெயர் எதிலும் இல்லை.

இந்தப் பதக்கங்கள் 1808-ஐ ஒட்டித்தான் சென்னைப் படையின் கைக்கு வந்தன. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1806 ஜூலை 10 அன்று, அதே சென்னைப் படையின் சிப்பாய்கள் வேலூர்க் கோட்டையில் கிளர்ந்தெழுந்து திப்புவின் புலிக்கொடியை ஏற்றியிருந்தார்கள். அந்தக் கொடி இறங்கிய சூட்டில், புலி சிங்கத்தின் காலடியில் கிடக்கும் பதக்கம் அதே படையின் மார்புக்கு வந்து சேர்ந்தது. பதக்கம் ஒருவர் செய்த செயலுக்கான நன்றியாக மட்டும் இருந்ததில்லை. யார் பக்கம் நிற்க வேண்டும் என்பதையும் அது சிப்பாய்க்குச் சொல்லியது.

இதற்கும் முந்தையது 1784-இன் தக்காணப் பதக்கம். ஹைதர் அலிக்கு எதிரான கர்நாடகப் போருக்கும் குஜராத்துக்கும் வங்காளத்திலிருந்து அனுப்பப்பட்ட இந்தியப் படையினருக்கு அது தரப்பட்டது. சுபேதார்களுக்குத் தங்கம், மற்றவர்களுக்கு வெள்ளி. அதிலும் பெயர் பொறிக்கப்படவில்லை. 1790–92 மைசூர்ப் போருக்கான பதக்கமும் அப்படியே. தொடக்க காலப் பதக்கங்கள் ஒரு போரில் இருந்ததற்கான அடையாளங்கள். யார், எந்த இடத்தில், என்ன செய்தார் என்ற கேள்விக்கு அவற்றில் விடை கிடைக்காது.

தமிழ் நிலத்தின் பழைய வழக்கத்தை இங்கே நினைவுகூர்வது பொருந்தும், ஏனெனில் கம்பெனியின் சென்னைப் படைக்கு இந்த நிலத்திலிருந்தும் ஆள் சென்றது. படைத்தலைவர்க்கு ஏனாதிப் பட்டமும் மோதிரமும் அளித்ததைப் பழைய உரைகள் சொல்கின்றன. அது மேல்நிலையினருக்கான மரியாதை. செங்கம் வட்டாரத்து நடுகற்களோ சாமானிய வீரனுக்குரியவை. மன்னனின் ஆட்சியாண்டு, ஊர், தொறு (ஆநிரை) மீட்ட சண்டை, பட்டவன் பெயர் ஆகியவற்றை வட்டெழுத்தில் வெட்டி வைத்தார்கள். மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், வீரனோடு நின்று கள்ளரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயர்கூட இருக்கிறது. பட்டவனின் பெயரையும் செயலையும் சேர்த்துப் பதிவு செய்த அந்த மரபு, கம்பெனி தந்த உலோகத்தில் இல்லாமல் போயிற்று. 1840-களில் சீக்கியப் போர்களுக்கான பதக்கங்கள் வந்தபோதுதான் விளிம்பில் பெயரும் படைப்பிரிவும் பொறிப்பது வழக்கமாகத் தொடங்கியது. பிற்கால ஆய்வாளர் பதக்கத்தைக் கையில் எடுத்தவுடன் முகப்பைப் பார்க்காமல் விளிம்பைத் திருப்பிப் பார்ப்பதற்குக் காரணம் இதுவே.

ஆனால் உண்மையான திருப்பம் அதற்கும் சற்று முன்பு, 1837-இல் நிகழ்ந்துவிட்டது. அந்த ஒரே ஆண்டில் கம்பெனி இரண்டு விருதுகளை நிறுவியது. ஒன்று, பிரிட்டிஷ் இந்தியா ஆர்டர். மற்றொன்று, பின்னாளில் இந்திய ஆர்டர் ஆஃப் மெரிட் எனப் பெயர் பெற்ற ஆர்டர் ஆஃப் மெரிட். முன்னது நெடுங்காலப் பணிக்கு, பின்னது களத்தில் காட்டிய வீரத்துக்கு. இன்றுவரை இந்தியப் படை விருதுகளில் ஓடும் இரு கிளைகளும், அதாவது பணிச்சிறப்பும் வீரச்செயலும், அங்கேதான் பிரிந்தன. இவ்விரண்டும் பிறந்த விதத்தில் இருந்த வேறுபாடு பிற்கால வரலாற்றைப் பெரிதும் தீர்மானித்தது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பிரிட்டிஷ் இந்தியா ஆர்டர், சுபேதார், ஜமேதார் போன்ற இந்திய அதிகாரிகளுக்கு மட்டும் உரியது. முதல் வகுப்பு பெற்றவர் சர்தார் பகதூர். அவருக்கு நாளொன்றுக்கு 2 ரூபாய் கூடுதல் படி. இரண்டாம் வகுப்பு பெற்றவர் பகதூர், அவருக்கு 1 ரூபாய். ரிப்பன் முதலில் வான்நீலத்தில் இருந்தது. தலைக்குத் தடவும் எண்ணெய் பட்டுக் கறையாகிறது என்பதால் 1838-இல் கருஞ்சிவப்புக்கு மாற்றியதாகச் சொல்வார்கள். எண்ணெய்க் கறையைக்கூடக் கவனித்த இந்த விருது, சாதாரணச் சிப்பாயின் நீண்ட பணியைக் கணக்கில் எடுக்கவில்லை. இருபது ஆண்டுகள் உழைத்த சிப்பாய், அதிகாரி நிலைக்கு உயராமல் ஓய்வு பெற்றால் அவருக்கு இதில் இடமில்லை. பணிச்சிறப்பு என்பது பதவியோடு பிறந்த கிளை.

ஆர்டர் ஆஃப் மெரிட் அப்படியல்ல. சுபேதாரும் சிப்பாயும் ஒரே விதிக்குள் வந்தார்கள். மூன்று வகுப்புகள் உண்டு. முதலில் மூன்றாம் வகுப்பு. அதைப் பெற்றவர் மீண்டும் ஒருமுறை களத்தில் தனித்து விளங்கினால் இரண்டாம் வகுப்பு, அதற்கும் பிறகு இன்னொரு செயலுக்கு முதல் வகுப்பு. மேலே ஏற வேண்டுமானால் ஒருவர் மூன்று முறை உயிரைப் பணயம் வைத்து, மூன்று முறையும் பிழைத்திருக்க வேண்டும். எட்டு முனை நட்சத்திரம், நடுவில் நீல எனாமலில் குறுக்கிட்ட வாள்கள், அதைச் சுற்றி ‘வீரத்துக்குப் பரிசு’ என்னும் பொருள் தரும் ஆங்கில வாசகம். இதனோடு பணமும் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கு கூடுதல், இரண்டாம் வகுப்புக்கு மூன்றில் இரு பங்கு, முதல் வகுப்புக்கு இரட்டைச் சம்பளம். பெற்றவர் இறந்தால் மனைவிக்கு மூன்றாண்டு ஓய்வூதியம். 1839 ஜூலை 23 அன்று கஜினி கோட்டையின் காபூல் வாயிலை வெடிவைத்துத் தகர்த்த சாப்பர் (பொறியியல்) படையினர் இதை முதலில் பெற்றவர்களில் அடங்குவர்.

விக்டோரியா கிராஸ் 1856-இல்தான் தோன்றியது. ஆக, பதவி பாராமல் வீரத்தை மட்டும் பார்க்கும் நிரந்தர விருது, பிரிட்டனின் சொந்தப் படைவீரனுக்குக் கிடைப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டு முன்பே இந்தியச் சிப்பாய்க்குக் கிடைத்துவிட்டது. இதைத் தாராளம் என்று வாசிப்பது தவறு. இந்தியருக்கு மேல்நிலை அதிகாரப் பதவிகள் மூடப்பட்டிருந்தன. இருந்த பதவிகளும் மூப்பு வரிசையில்தான் கிடைத்தன. ஊக்கத்துக்கு வேறு வழி இல்லாத படையில், பதவி உயர்வு செய்ய வேண்டிய வேலையைப் பதக்கமும் கூடுதல் படியும் செய்தன. 1897 செப்டம்பர் 12 அன்று சாராகடிச் சாவடியில் கடைசி ஆள் வரை நின்று மடிந்த 36-ஆம் சீக்கியப் படைப்பிரிவின் 21 பேருக்கும் மூன்றாம் வகுப்பு அளித்தபோது, அவர்கள் குடும்பங்களுக்கு அந்த விருதால் உடனடியாகக் கிடைத்த பயன் ஓய்வூதியம்தான்.

கீழ்நிலையினரின் பணியைத் தனியே மதிக்கும் பதக்கங்கள் வர 1888 ஆயிற்று. நீண்ட பணி, நன்னடத்தைக்கான பதக்கமும் சிறப்புப் பணிப் பதக்கமும் அந்த ஆண்டில் இந்தியப் படைக்கு வந்தன. வீர விருதுக்கு ஒரு படி கீழாக, 1907-இல் இந்தியத் தனிச்சிறப்புப் பணிப் பதக்கம் சேர்ந்தது. ஆனாலும் உலோகத்தில் வேறுபாடு நீங்கவில்லை. 1880-களின் நடுவிலிருந்து எல்லைப்புறப் போர்ப் பதக்கங்களில் போராளிக்கு வெள்ளி, உடன் சென்ற தண்ணீர் சுமக்கும் பிஸ்திக்கும் சமையல்காரருக்கும் டோலி தூக்குபவருக்கும் வெண்கலம். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் தொழிலாளர் படைகளுக்கு வெண்கலமே தரப்பட்டது. குண்டு பாயும் இடத்துக்குத் தண்ணீர்த் தோல்பையோடு போனவரின் துணிச்சலை எந்த உலோகத்தில் அளப்பது என்று அந்த விதிகளை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

விக்டோரியா கிராஸுக்கு இந்தியர் தகுதி பெற்றது 1911-இல், டெல்லி தர்பாரை ஒட்டி. அதோடு ஆர்டர் ஆஃப் மெரிட்டின் முதல் வகுப்பு நீக்கப்பட்டது. 1914 அக்டோபர் 31 அன்று பெல்ஜியத்தின் ஹோலபெக்கில், உடனிருந்த எல்லோரும் வீழ்ந்த பின்னும் காயத்தோடு இயந்திரத் துப்பாக்கியை இயக்கிய சிப்பாய் குதாதாத் கான் விக்டோரியா கிராஸைப் பெற்ற முதல் இந்தியப் படைவீரர்.

இந்தப் பட்டியல்களில் தமிழ்ப் பெயர்கள் அரிதாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘போர்க்குடி’க் கோட்பாடு படைச் சேர்க்கையை ஆண்டது. சென்னைப் படைக்குத் தலைமை தாங்கி, பின்னர் இந்தியப் படை முழுமைக்கும் தலைவரான ராபர்ட்ஸ் பிரபு, வடக்கத்தியப் போர்க்குடிகளே போருக்கு உகந்தவர்கள் என்று உறுதியாக நம்பினார். சென்னைக் காலாட்படைப் பிரிவுகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. களத்துக்கே அனுப்பப்படாதவர் வீரப் பதக்கம் பெறுவது எப்படி? பதக்கம் இல்லாததையே பின்னர் வீரம் இல்லாததற்குச் சான்றாகக் காட்டினார்கள். இந்த அநீதியைப் பதக்க வரலாறு எழுதுவோர் பலர் ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

தொழில்நுட்பத் திறனால் தப்பி நின்றது சென்னை சாப்பர் படை. அதைச் சேர்ந்த சுபேதார் சுப்பிரமணியம், 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி அகற்றும் குழுவோடு இருந்தார். கூட வந்தவரின் காலடியில் ஒரு கண்ணி இயங்கிவிட்டது. மிதித்தவுடன் வெடிக்காமல் சில நொடிகள் கழித்து வெடிக்கும் வகை அது. தரையோடு படுத்துத் தன்னைக் காத்துக்கொள்ள அந்த நொடிகள் போதும். சுப்பிரமணியம் அந்த வீரரைத் தள்ளிவிட்டுக் கண்ணியின் மேல் விழுந்தார். சுற்றியிருந்தவர்கள் பிழைத்தார்கள். எதிரியை நேரில் காணாத இடத்தில் காட்டும் துணிவுக்கென 1940-இல் நிறுவப்பட்ட ஜார்ஜ் கிராஸ் அவருக்கு இறப்புக்குப்பின் வழங்கப்பட்டது.

விடுதலைக்குப் பிந்தைய இரண்டரை ஆண்டுகள் ஒரு விசித்திரமான இடைவெளி. காஷ்மீரில் போர் நடந்தது, ஆனால் தேசத்துக்கென்று வீர விருது இல்லை. 1950 ஜனவரி 26 அன்று பரம் வீர், மகா வீர், வீர் சக்கரங்கள் நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டன. இதனால் 1947 நவம்பர் 3 அன்று பட்காமில் வீழ்ந்த மேஜர் சோம்நாத் சர்மா முதல் பரம் வீர் சக்கரத்துக்கு உரியவரானார். மேஜர் ஜெனரல் ஹீரா லால் அடல் கேட்டுக்கொள்ள, அதை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்தியப் படை அதிகாரி ஒருவரை மணந்து இந்தியரான சாவித்திரி கானோல்கர். வெண்கல வட்டம், நான்கு வஜ்ராயுதங்கள், நடுவே அரசுச் சின்னம், ஊதா ரிப்பன். ததீசி முனிவர் தந்த எலும்பிலிருந்து உருவானது வஜ்ரம் என்ற புராணக் கதையை அவர் அதில் பொதிந்தார். உச்ச விருதுக்குத் தங்கமோ வெள்ளியோ அல்லாமல் வெண்கலத்தைத் தேர்ந்தெடுத்தது, கம்பெனியின் ஐந்து உலோகக் காலத்திலிருந்து எவ்வளவு விலகி வந்தோம் என்பதைக் காட்டுகிறது. இதுவரை அதைப் பெற்ற 21 பேரில் 14 பேர் இறந்த பின் பெற்றவர்கள். 1987 நவம்பரில் இந்திய அமைதிப்படையில் பணியாற்றி யாழ்ப்பாணத்தில் உயிரிழந்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் அவர்களில் ஒருவர். அந்தப் போரைப் பற்றித் தமிழர் மனத்தில் உள்ள காயம் வேறு. ஒரு தனி மனிதரின் செயலை அதிலிருந்து பிரித்துப் பார்க்க முடியும் என்றே கருதுகிறேன்.

அரசமைப்புச் சட்டத்தின் 18-ஆவது பிரிவு பட்டங்களை ஒழித்தபோது, படைத்துறை, கல்வித்துறைச் சிறப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது. சர்தார் பகதூர் போயிற்று. பணிச்சிறப்பைப் போற்றும் தேவை போகவில்லை. 1960 ஜனவரி 26 அன்று விசிஷ்ட சேவா பதக்கம் மூன்று வகுப்புகளில் வந்தது. 1967-இல் வகுப்பு எண்களை நீக்கிப் பரம் விசிஷ்ட, அதி விசிஷ்ட, விசிஷ்ட சேவா பதக்கங்கள் என்று பெயர் மாற்றினார்கள். மஞ்சள் ரிப்பனில் கருநீலக் கோடு ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதை வைத்து இனம் காணலாம். கோடு குறையக் குறைய விருது உயரும். 1960 ஜூன் 17 அன்று சேனா பதக்கமும், கடற்படை, விமானப்படைக்கான அதன் இணைகளும் பிறந்தன. 1837-இல் பிரிந்த இரு கிளைகளும் ஒரே உலோகத்தில் சேர்ந்தது இங்கேதான். கடமை ஈடுபாட்டுக்கும் தரலாம், துணிவுக்கும் தரலாம். நடைமுறையில் இது குழப்பமாயிற்று, எனவே பின்னர் வீரம், பணிச்சிறப்பு என்று தனித்தனியே குறிப்பிட்டு அறிவிக்கத் தொடங்கினார்கள். போர்க்காலப் பணிச்சிறப்புக்கு 1980-இல் யுத்த சேவா வரிசை மூன்று படிகளில் தனியே பிரிந்தது.

விதிப்படி விசிஷ்ட சேவா வரிசை எல்லா நிலையினருக்கும் திறந்தது. அறிவிப்புப் பட்டியல்கள் வேறு கதை சொல்கின்றன. பரம் விசிஷ்ட சேவா பெரும்பாலும் லெப்டினன்ட் ஜெனரல்களுக்கும் அவர்களுக்கு இணையான பதவியினருக்கும் போகிறது. 1837-இல் பதவியோடு பிறந்த கிளை இன்றும் பதவியை ஒட்டியே வளர்கிறது. வீரக் கிளையில் ஒரு ஹவில்தார் ஜெனரலுக்கு மேல் நிற்க முடியும். பணிக் கிளையில் அது மிக அரிது.

இன்னொரு குறையும் இதோடு சேர்ந்தது. பரம் வீர் சக்கரத்தையோ அமைதிக்கால வீரத்துக்கான அசோக சக்கரத்தையோ அறிவிக்கும்போது, அந்த நாளில் அந்தக் களத்தில் நடந்தது என்ன என்ற விருதுக் குறிப்பும் வெளியாகிறது. பணிச்சிறப்புப் பதக்கங்களுக்கு உயர்தரப் பணிக்காக என்ற பொது வாசகமும் கீழே பெயர் வரிசையும்தான். பனிமலையில் பாதை போட்டவரா, மருத்துவமனையை நடத்தியவரா, வெள்ளத்தில் பாலம் கட்டியவரா என்று அரசிதழைப் புரட்டுபவருக்குத் தெரியாது. நாட்டின் பாதுகாப்பைப் பாதிக்காத அளவுக்கேனும் பணிச்சிறப்பு விருதுகளுக்கும் நான்கு வரிக் குறிப்பை அரசிதழில் வெளியிட வேண்டும். அதுவரை இந்தக் கிளையின் வரலாற்றை எழுத விரும்புபவர், ஒவ்வொரு ரெஜிமெண்டின் நாட்குறிப்பையும் ஓய்வுபெற்றோரின் நினைவையும் தேடித்தான் போக வேண்டியிருக்கும்.