கடல் கடந்த கம்பியும் வாசல் எட்டாத இழையும்

சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி, 1843ஆம் ஆண்டில் மலாய்க் காட்டு மரமொன்றின் பாலை இலண்டனுக்கு மாதிரியாக அனுப்பினார். கட்டாபெர்ச்சா எனப்படும் அப்பால் உறைந்தபின் நீரை உட்புக விடாது. மின்சாரத்தைக் கசியவும் விடாது. கடலடியில் தந்திக்கம்பி பதிக்க விரும்பியோர்க்கு அதனினும் ஏற்ற உறை அன்று இல்லை. இங்கிலாந்தையும் பிரான்சையும் 1851இல் இணைத்த கம்பி அவ்வுறையையே போர்த்திருந்தது. 1871இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்று துறைமுகங்களும் கடலடித் தந்தியால் இணைந்தன.

அந்தத் தந்தி யாரை எட்டியது என்று நாம் வினவ வேண்டும். வணிகரையும் ஆட்சியாளரையும் எட்டியது. தோட்டப்புறத்துத் தொழிலாளியோ ஊர்க் கடிதத்திற்காகக் கப்பலையே எதிர்நோக்கியிருந்தார். பாலுக்காகக் காட்டின் உட்பகுதியில் மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. கம்பியின் பயனோ பெரும்பாலும் துறைமுக நகரங்களோடு நின்றது.

ஒளியிழையின் வரலாற்றிலும் இவ்வினா தொடர்கிறது. கண்ணாடியில் ஒளி விரைந்து மங்குவதற்கு அதில் கலந்துள்ள மாசுகளே முதன்மைக் காரணம் என்பதைச் சார்ல்ஸ் காவ் 1966இல் எடுத்துரைத்தார். ஒரு கிலோமீட்டர் கடந்தபின் நூற்றில் ஒரு பங்கு ஒளி எஞ்சினாலும் செய்தி அனுப்பலாம் என்பது அவர் வகுத்த அளவு. அமெரிக்காவின் கார்னிங் நிறுவன ஆய்வாளர்கள் 1970இல் அவ்வளவை எட்டினர். 1988இல் முதல் ஒளியிழைக் கம்பி அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தது. 2002இல் சென்னையும் சிங்கப்பூரும், மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் நீண்ட ஒளியிழையால் மீண்டும் இணைந்தன. காவ் 2009இல் நோபெல் பரிசு பெற்றார்.

கடலைக் கடந்த இழைக்குத் தெருவைக் கடப்பது கடினமாயிற்று. இழையின் விலையைவிட மண்ணைத் தோண்டிப் பதிக்கும் செலவே மிகுதி. அடுக்குமாடிக் கட்டடத்தில் அச்செலவை நூறு வீடுகள் பகிர்ந்துகொள்ளும். தோட்டப்புற வரிசை வீடுகளில் பத்துக் குடும்பங்களே சுமக்க நேரிடும். பழைய செப்புக்கம்பியும் இங்குக் கைகொடுப்பதில்லை. நிலையத்திலிருந்து தொலைவு கூடக்கூட அதன் வேகம் குறையும்.

மலேசிய அரசும் டெலிகாம் மலேசியாவும் 2008இல் அதிவேக அகலக்கற்றைத் திட்டத்திற்கு உடன்படிக்கை செய்துகொண்டன. மதிப்பிடப்பட்ட 11.3 பில்லியன் ரிங்கிட்டில் அரசின் பங்கு 2.4 பில்லியன். 2010 மார்ச்சில் சேவை தொடங்கியது. மக்களும் தொழில்களும் செறிந்த பகுதிகளே முதலில் தேர்ந்தெடுக்கப்பட்டன. செலவுக் கணக்கின்படி அது பொருத்தமான முடிவே. ஆயினும் காத்திருக்க வேண்டியவர் யார் என்பதையும் அக்கணக்கே முடிவுசெய்தது. சிறு நிலப்பரப்பில் நெருங்கி வாழும் சிங்கப்பூரை, அகன்று விரிந்த நம் நாட்டோடு அப்படியே ஒப்பிடுதல் பொருந்தாது.

பெருந்தொற்றால் 2020இல் பள்ளிகள் மூடப்பட்டபோது இவ்விடைவெளியின் விலை வெளிப்பட்டது. சபாவில் இணையத் தொடர்பு கிடைப்பதற்காக மாணவியொருவர் மரத்தின்மேல் அமர்ந்து தேர்வெழுதிய செய்தியை நாம் அறிவோம். ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் முறைவைத்துப் பயன்படுத்திய வீடுகளையும் ஆசிரியர்கள் அறிவார்கள். அவ்வாண்டிலேயே அரசு ஜெண்டேலா என்னும் இணைப்புத் திட்டத்தை அறிவித்தது. அகலக்கற்றை, நீரையும் மின்சாரத்தையும் போன்றதோர் அடிப்படை வசதி என்னும் எண்ணம் வலுப்பெற்றது.

நாட்டு வரைபடத்தில் கோடுகள் நீள்வதை மட்டும் நாம் வளர்ச்சியென எண்ணலாகாது. அக்கோட்டின் இறுதியில் உள்ள வீட்டில் ஒரு மாணவர் தடையின்றிப் பாடம் கேட்கிறாரா என்பதே நாம் கொள்ள வேண்டிய அளவுகோல். தம் ஊருக்கு அஞ்சலும் மின்சாரமும் தொலைபேசியும் இணையமும் எந்தெந்த ஆண்டுகளில் வந்தன என்பதை மாணவர்கள் பெரியோரிடம் கேட்டுத் தொகுப்பார்களாக. அச்சிறு பட்டியல், தோட்டப்புற வரலாற்றின் நல்லதோர் ஆவணமாகும்; இன்னும் எட்டாதிருக்கும் வாசல்கள் எவை என்பதையும் அது நமக்குக் காட்டும்.