பன்மொழி வகுப்பறையும் ஆங்கில ஆசிரியரும்: பெங்களூர்த் திட்டம் (1979–1984) குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

இந்தியாவில் ஆங்கிலம் கற்பித்தலின் வரலாறு பெரும்பாலும் குழு அறிக்கைகள், பாடத்திட்டங்கள், கற்பித்தல் முறைகள் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பெற்றுள்ளது. உயர்நிலைப் பள்ளியில் பணிக்காலம் முழுவதும் இம்மொழியைக் கற்பித்து ஓய்வு பெறும் ஆசிரியருக்கு அதில் உரிய இடமில்லை. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் நடைபெற்ற பெங்களூர்த் திட்டத்தை அவ்வாசிரியரின் நிலையில் நின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பின்புலம்

விடுதலைக்குப் பின் ஆங்கில ஆசிரியர்க்குப் பயிற்சியளிக்க நிறுவனங்கள் பல தோன்றின. 1958இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனமும், 1963இல் பெங்களூரில் தென்னிந்திய மண்டல ஆங்கில நிறுவனமும் நிறுவப்பெற்றன. தொடரமைப்புகளை எளிமையினின்று அருமைக்கு வரிசைப்படுத்தி, வாய்மொழிப் பயிற்சியால் மனத்தில் பதிக்கும் அமைப்புமுறையே அக்காலத்தில் செல்வாக்குப் பெற்றிருந்தது. வகுப்பில் பிழையின்றித் தொடர்களைச் சொல்லிய மாணவர், வெளியே அவற்றைப் பயன்படுத்த இயலாமல் தடுமாறியமை 1970களில் இம்முறை குறித்த ஐயங்களை எழுப்பியது.

திட்டத்தின் இயல்பு

சென்னைப் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு, மண்டல ஆங்கில நிறுவனத்தின் துணையுடன் இத்திட்டத்தை முன்னெடுத்தார். கற்போர் கவனம் பொருளில் நிலைத்திருக்கும்போதே மொழியின் வடிவம் தானே படியும் என்பது அதன் அடிப்படைக் கருதுகோள். எனவே இலக்கண வரிசை கைவிடப்பட்டு, தொடர்வண்டிக் கால அட்டவணை, நிலப்படம் போன்றவற்றைக் கொண்டு விடை காணும் செயற்பணிகள் பாடமாயின. ஆசிரியர் ஒரு பணியை வகுப்பினருடன் வாய்மொழியாக முதலில் செய்து காட்டுவார். அதனை ஒத்த வேறொன்றை மாணவர் தனித்துச் செய்வர். வகுப்பில் பாதிப்பேரேனும் பணியில் பாதியையேனும் சரியாக முடித்தால் அப்பணி தகுந்த அளவினது எனக் கொள்ளப்பட்டது. மாணவர்தம் பிழைகள் ஒருவரால் மற்றவரிடம் வலுப்பெறும் என்று கருதிக் குழுப்பணி தவிர்க்கப்பட்டது. ஆகவே, வகுப்பின் ஆங்கிலம் முழுவதும் ஆசிரியர் ஒருவரின் நாவையே சார்ந்திருந்தது.

மொழிச்சூழல்

கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகியவற்றைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஒரே பள்ளியில் பயில்வது பெங்களூருக்கு இயல்பானதாகும். திட்டம் நடைபெற்ற அதே ஆண்டுகளில், உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல்மொழியாதல் வேண்டுமெனக் கோகாக் குழு 1981இல் பரிந்துரைத்தது. 1982இல் அதனை வலியுறுத்திக் கிளர்ச்சி எழுந்தது. எம்மொழி முதல்மொழி என்னும் வினா பள்ளிகளைச் சூழ்ந்திருந்த காலத்தில், திட்டமோ ஆங்கிலம் எவ்வாறு படிகிறது என்பதை மட்டுமே ஆராய்ந்தது. மாணவர் முன்னரே அறிந்திருந்த மொழிகள் ஆங்கிலக் கல்விக்கு எவ்வாறு துணைபுரியும் என்பது அதன் மைய வினாவாக அமையவில்லை.

மதிப்பீடு

ஆலன் பெரட்டா, ஆலன் டேவிஸ் ஆகியோரின் மதிப்பீடு 1985இல் வெளிவந்தது. தொடரமைப்புத் தேர்வில் பழைய முறையில் பயின்றோரும், கற்ற மொழியைப் பயன்படுத்துவதில் திட்ட மாணவரும் சிறந்தனர் என்பது அதனால் அறியப்பட்டது. பெரட்டா 1990இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: பள்ளிகளின் வழக்கமான ஆசிரியரிடம் இம்முறை வேரூன்றவில்லை. திட்டத்தில் கற்பித்தோருள் பயிற்சி நிறுவனங்களைச் சார்ந்த வல்லுநரும் இருந்தனர். அவர்க்கு எளிதானது, பெரிய வகுப்பும் பொதுத்தேர்வும் பாடநூலும் தம்மேல் சுமத்தப்பட்ட ஆசிரியர்க்கு அரிதாயிற்று. பாடநூலின் துணையின்றி உடனுக்குடன் ஆங்கிலம் பேசி வகுப்பை நடத்துமாறு கோரிய ஒரு முறை, அதற்குரிய மொழிப்பயிற்சியையும் பணிச்சூழலையும் அவர்க்கு முதலில் வழங்கியிருத்தல் வேண்டும்.

முடிவுரை

பிரபு 1987இல் தம் நூலை வெளியிட்டார். 1990இல் எழுதிய கட்டுரையில், எல்லார்க்கும் ஏற்ற சிறந்த முறை ஒன்றில்லை என்றும், தம் கற்பித்தல் எவ்வாறு கற்றலாகிறது என்பது பற்றி ஆசிரியர் கொள்ளும் தெளிவே முதன்மையானது என்றும் வாதிட்டார். முறையினின்று ஆசிரியரை நோக்கிய நகர்வாக இதனைக் கொள்ளலாம். பன்மொழியை வகுப்பறையின் வளமாகக் கொண்ட 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு, திட்டம் விட்டுச்சென்ற மற்றொரு வினாவைக் கையிலெடுத்தது. செயற்பணிவழிக் கற்பித்தலின் முன்னோடியென உலகளவில் போற்றப்படும் இத்திட்டம், அது பிறந்த மண்ணின் ஆசிரியரிடம் நிலைபெறாமற் போனமை, சீர்திருத்தங்கள் ஆசிரியரின் பணிவாழ்விலிருந்தே தொடங்குதல் வேண்டும் என்பதை உணர்த்துகிறது. தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளைப் பிற மாநிலங்களில் கற்பிப்பார்க்கும் இது பொருந்தும்.