எக்ஸ்எம்எல் வாசிப்பும் ஆக்கமும் (வலைச் சேவையக நிரல்களில்)

தரவைக் குறிகளுக்குள் எழுதும் வடிவமான எக்ஸ்எம்எல், 1998 பிப்ரவரியில் வலைத் தர அமைப்பான டபிள்யூ3சியின் பரிந்துரையானது. இரு மென்பொருள்கள் தரவைப் பரிமாற இது உதவும். எம். புதுப்பட்டி போன்ற பட்டாசு ஊரில் இணையவழி வந்த ஆர்டரை டேலி கணக்கு மென்பொருளில் ஏற்ற வேண்டுமானால், பிஎச்பி நிரல் அதை எக்ஸ்எம்எல்லாக்கி, டேலி வழக்கமாகக் கேட்கும் 9000ஆம் போர்ட்டுக்கு அனுப்பலாம். அந்த எக்ஸ்எம்எல்லின் வெளியுறை ‘என்வலப்’; உள்ளே ‘ஹெடர்’, ‘பாடி’.

குறிகளைச் சரமாக ஒட்டுவது சோம்பேறி வழி. கடைப்பெயரில் ஒரு ‘&’ வந்தால் போதும், ஆவணமே செல்லாது. பிஎச்பியின் டாம்டாக்குமென்ட் உருவாக்கும் உரைக்கணு அதைத் தானே மாற்றி எழுதும், எக்ஸ்எம்எல்ரைட்டரும் அப்படியே. வாசிக்கையில், சிறு பதிலுக்கு சிம்பிள்எக்ஸ்எம்எல். பெரிய சரக்குப் பட்டியலுக்கு, முழுவதையும் நினைவகத்தில் ஏற்றாத எக்ஸ்எம்எல்ரீடர்.

டேலியின் பதிலில் எக்ஸ்எம்எல் 1.0 ஏற்காத 4ஆம் எண் கட்டுப்பாட்டுக்குறி வருவதுண்டு. வாசிப்பான் அங்கேயே நின்றுவிடும். அந்தக் குறியை முன்கூட்டியே களைய வேண்டும்.