பலபடி–களிமண் நானோ கூட்டுப்பொருள்களின் வெப்பப் பண்பு: ஒரு வரலாறு

திசையன்விளையைச் சுற்றியுள்ள செம்மணல் தேரியில் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் உள்ளே இறங்கிவிடும், நிலம் உப்புவதில்லை. வடக்கே விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் அப்படியல்ல. மழையில் உப்பிக் காலோடு அப்பிக்கொள்ளும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். கரிசலில் மிகுந்துள்ள சுமெக்டைட் வகைக் களிமக் கனிமங்களே இதற்குக் காரணம். அவ்வகையில் நன்கு அறியப்பட்டது மாண்ட்மோரில்லோனைட். பிரான்சின் மாண்ட்மோரில்லோன் என்னும் ஊரை ஒட்டி 1847இல் இப்பெயர் இடப்பட்டது. நைலானின் வெப்பந்தாங்கும் திறனைப் பின்னாளில் உயர்த்தியதும் இதே கனிமம்தான்.

மாண்ட்மோரில்லோனைட், ஏடுகளை அடுக்கி வைத்தது போன்ற அமைப்புடையது. ஓர் ஏட்டின் தடிமன் சுமார் 1 நானோமீட்டர். ஏடுகள் எதிர்மின்சுமை கொண்டவை. அவற்றின் இடைவெளியில் சோடியம், கால்சியம் அயனிகள் தங்கியிருக்கும். நீர் புகும்போது இடைவெளி விரிகிறது. இந்த அமைப்பை உல்ரிச் ஹாஃப்மனும் உடன் ஆய்வாளர்களும் 1933இல் முன்வைத்தனர். ஏடுகளை முற்றிலும் பிரித்துப் பரப்பினால் ஒரு கிராமின் பரப்பு 700 சதுர மீட்டரைத் தாண்டும். நம் கணக்கில் சுமார் 17 சென்ட் நிலம்.

பதநீர் இறக்கும் கலயமும் களிமண்தான். ஆனால் சூளையின் வெப்பத்தில் களிமண் தன் கட்டமைப்பு நீரை இழந்துவிடுகிறது. பிறகு அது உப்பாது, நீரில் கரையாது. நைலானுக்குள் போகும் களிமண் சூளையையே பார்ப்பதில்லை. அதன் உப்பும் குணம்தான் இங்கே வேண்டியிருக்கிறது.

நீரை விரும்பும் களிமண்ணுக்குள் பலபடி எளிதில் நுழையாது. ஏடுகளின் இடையிலுள்ள சோடியத்தை அகற்றி, நீண்ட கரிமச் சங்கிலி கொண்ட அம்மோனிய அயனிகளை அங்கே வைத்தால் நுழையும். இவ்வாறு கரிமப் பொருளை ஏற்கும் பெண்டோனைட்டைப் பற்றி ஜே. டபிள்யூ. ஜோர்டன் 1949இல் எழுதினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நேஷனல் லெட் நிறுவனம் அத்தகைய களிமண்ணால் ரப்பரை வலுவூட்டக் காப்புரிமை பெற்றது. வெப்பம் பற்றிய முதல் தெளிவான குறிப்பு 1965இல் ஏ. புளூம்ஸ்டைனிடமிருந்து வந்தது. களிமண் ஏடுகளுக்கிடையே உருவான பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட், தனிப் பலபடி முழுதும் சிதைந்துபோகும் சூழலிலும் தாக்குப்பிடித்தது. அப்போது தொழில்துறை இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

ஜப்பானின் யூனிட்டிகா நிறுவனம் நைலான்–களிமண் கலவைக்கு 1976இலேயே காப்புரிமை விண்ணப்பம் வெளியிட்டிருந்தது. ஆயினும் இத்துறையின் பிறப்பு டொயோட்டா மத்திய ஆய்வகத்தின் பெயரிலேயே சொல்லப்படுகிறது. முழுப் புகழும் அதற்கே போனது சரியல்ல என்றாலும், ஏன் போனது என்பது விளங்குகிறது: வேலையைத் தொழிற்சாலை வரை கொண்டுசேர்த்தவர்கள் அவர்கள். ஒகாடா, உசுகி, கவாசுமி, கோஜிமா முதலியோர் 12-அமினோலாரிக் அமிலத்தால் ஏடுகளை விரித்து, அந்த இடைவெளியிலேயே காப்ரோலாக்டத்தைப் பலபடியாக்கினர். சங்கிலி வளர வளர ஏடுகள் ஒன்றையொன்று விட்டு விலகின. 1988இல் அமெரிக்கக் காப்புரிமையும் 1993இல் விரிவான ஆய்வுக் கட்டுரைகளும் வந்தன. 5 சதவீதத்துக்கும் குறைவான களிமண் சேர்த்ததில், சுமையின்கீழ் நைலான்-6 வளையத் தொடங்கும் வெப்பநிலை 65 டிகிரி செல்சியஸிலிருந்து சுமார் 150 டிகிரிக்கு உயர்ந்தது. உருகுநிலை அந்த அளவுக்கு மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சங்கிலிகளின் அசைவை ஏடுகள் கட்டுப்படுத்தியதால், உருகுநிலைக்கு வெகு கீழேயே பொருள் தளர்ந்துபோவது தடைபட்டது. என்ஜினை ஒட்டியிருக்கும் டைமிங் பெல்ட்டின் உறை இப்பொருளில் செய்யப்பட்டது.

1993இல் கார்னெல் பல்கலைக்கழகத்தின் வையா, இஷி, ஜியானெலிஸ் மூவரும் கரைப்பானே இல்லாமல், உருகிய பாலிஸ்டைரீனை நேரடியாக ஏடுகளுக்குள் புகுத்தினர். வேலை எளிதானது. ஆனால் கூடவே ஒரு சிக்கலும் வெளிப்பட்டது. ஏடுகளைத் திறந்துவைக்கும் அம்மோனிய அயனியே 200 டிகிரியை ஒட்டிச் சிதையத் தொடங்கிவிடுகிறது. நைலானையோ பாலியெஸ்டரையோ உருக்குவதற்கு அதைவிட அதிக வெப்பம் தேவை. இச்சிதைவின் ஒரு முக்கிய வழி 'ஹாஃப்மன் நீக்கம்'. பெயருக்குரியவர் 19ஆம் நூற்றாண்டின் ஆகஸ்ட் வில்ஹெல்ம் ஹாஃப்மன்; மேலே சொன்ன களிமண் ஹாஃப்மன் வேறு. வெப்பத்தைத் தாங்கவைக்கச் சேர்த்த பொருளிலேயே வெப்பம் தாங்காத பகுதி இருந்தது. டொயோட்டா முறையில் இச்சிக்கல் அவ்வளவாகத் தலைதூக்கவில்லை; அங்கே அமிலம் நைலான் சங்கிலியின் பகுதியாகவே ஆகிவிட்டது. பின்னர், வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் இமிடசோலிய அயனிகளைப் பயன்படுத்தத் தொடங்கினர்.

தீயைப் பொறுத்தும் கதை இருமுகம் கொண்டது. அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தில் ஜெஃப்ரி கில்மன் குழுவினர், 5 சதவீதக் களிமண் கொண்ட நைலான்-6 எரியும்போது வெப்பம் வெளியாகும் உச்ச வேகம் 63 சதவீதம் குறைவதை 1990களின் பிற்பகுதியில் காட்டினர். எரியும் பரப்பில் ஏடுகளும் கரியும் சேர்ந்து மூடிபோல் படிகின்றன. பற்றிக்கொள்வது தள்ளிப்போவதில்லை, மொத்த வெப்பமும் ஏறத்தாழ அதேதான். எரிவது மெதுவாகிறது, அவ்வளவே. களிமண்ணை மட்டும் நம்பித் தீத்தடுப்புச் சோதனைகளில் தேறுவது கடினம். ஆகவே பெல்ஜியத்தின் காபெல்வெர்க் ஆய்ப்பன் நிறுவனம், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், அலுமினியம் ஹைட்ராக்சைடோடு சிறிதளவு களிமண்ணைச் சேர்த்து மின்கம்பி உறைகளை உருவாக்கியது.