ஊர் ஒண்ணு, பேர் ரெண்டு: ஒரு விக்கிச் சண்டையின் கதை

விக்கிபீடியாவில் புதுசா எழுத வர்ற எல்லாருக்கும் ஒருநாள் இது நடக்கும். ராத்திரி கண்முழிச்சு ரெண்டு பத்தி சேர்த்திருப்போம். காலையில பார்த்தா காணோம். யாரோ ஒரு புண்ணியவான் பழைய நிலைக்கே திருப்பி வெச்சிருப்பார். எனக்கும் நடந்தது. பதிலுக்குப் பதில் அழிக்கிறதுக்கு முன்னாடி, பெரிசுங்க எல்லாம் இதை எப்படித்தான் சமாளிச்சாங்கன்னு ஆங்கில விக்கியின் பழைய உரையாடல் பக்கங்களைத் தோண்டினேன். அதில் சிக்கியதுதான் இந்தக் கதை.

பால்டிக் கடலோரத்தில் ஒரு துறைமுக நகரம். போலந்துக்காரர்களுக்கு அது கதான்ஸ்க். ஜெர்மானியர்களுக்கு டான்சிக். 1308-இல் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மானிய சமயப் படையினர் அதைப் பிடித்தார்கள். 1454-இல் நகரத்தார் அவர்களுக்கு எதிராகக் கிளம்பி, போலந்து மன்னரின் கீழ் போனார்கள். 1793-இல் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. முதல் உலகப்போர் முடிந்து 1920-இல், ரெண்டு பேருக்கும் இல்லாத 'சுதந்திர நகரம்' ஆனது. 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசிய வெஸ்டர்பிளாட்டே இங்கேதான் இருக்கு. 1945-க்குப் பிறகு ஊர் போலந்துக்கு. அங்கிருந்த ஜெர்மானியர்களில் பெரும்பாலானவர்கள் ஊரைவிட்டே போக வேண்டியதாயிற்று. அவர்கள் இடத்துக்கு வந்த போலந்துக்காரர்களிலும் பலர், சோவியத் வசம் போன கிழக்குப் பகுதிகளில் வீட்டை இழந்து வந்தவர்கள்.

இப்ப சொல்லுங்க, இது வெறும் எழுத்துப்பிழைச் சண்டையா? ரெண்டு பக்கமும் தாத்தா வீடு தொலைஞ்ச கதை இருக்கு.

2001-இல் விக்கிபீடியா ஆரம்பிச்சப்ப யார் வேணும்னாலும் எதை வேணும்னாலும் மாத்தலாம். ஃபாரன்ஹீட், ஷோப்பன்ஹவர் ரெண்டு பேரும் பிறந்த ஊர் இதுதான். ஆக, ஊர்க் கட்டுரையோட சண்டை நிக்கலை. வாழ்க்கை வரலாறு, போர், வணிகம்னு ஊர் பேர் வர்ற பக்கமெல்லாம் பரவிச்சு. ஒருத்தர் மாத்த, இன்னொருத்தர் திருப்ப, மறுபடி அவர் மாத்த... நம்ம ஆபீஸ்ல ரெண்டு பேர் ஒரே ஃபைலை மாத்தி மாத்தி செக்-இன் பண்ற மாதிரி. என்ன, இங்கே சமாதானம் பண்ணி வைக்க மேனேஜர் கிடையாது.

2004-இல் ரெண்டு விஷயம் வந்தது. ஒண்ணு, நடுவர் குழு வேலையை ஆரம்பிச்சது. ஆனா அது ஆட்களோட நடத்தையைத்தான் விசாரிக்கும். எந்தப் பேர் சரின்னு தீர்ப்பு சொல்லாது. இன்னொண்ணு, மூன்று மீளமைப்பு விதி. 24 மணி நேரத்துக்குள்ள ஒரே பக்கத்தில் மூணு தடவைக்கு மேல திருப்பினா தடை விழும். இது சண்டையோட வேகத்தைக் குறைக்கும். சண்டையைத் தீர்க்காது.

தீர்வு 2005 பிப்ரவரி, மார்ச்சில் வாக்கெடுப்பா வந்தது. "பேர் என்ன?"ன்னு ஒரே கேள்வியா கேட்டிருந்தா இன்னொரு சண்டைதான் மிஞ்சியிருக்கும். அவங்க வரலாற்றையே துண்டு போட்டாங்க. 1308-க்கு முன், 1308 முதல் 1454 வரை, 1466 முதல் 1793 வரை என்று ஒவ்வொரு காலத்துக்கும் தனித்தனி வாக்கு. போலந்து மன்னரின் கீழ் இருந்தாலும் நகரத்தார் பெரும்பாலும் ஜெர்மன் பேசிய காலம் ஒண்ணு இருக்கே, சிக்கலே அங்கேதான்.

முடிவு: 1308 முதல் 1945 வரை டான்சிக். அதுக்கு முன்னும் பின்னும் கதான்ஸ்க். தெளிவா ஜெர்மானியர் என்றால் அவர் வரலாற்றில் டான்சிக், தெளிவா போலந்துக்காரர் என்றால் கதான்ஸ்க். முக்கியமா, முதல் தடவை ஊரைச் சொல்லும்போது மற்ற பேரையும் பக்கத்திலேயே சொல்லிடணும்.

எல்லாருக்கும் திருப்தியா? இல்லை. அதுக்கப்புறமும் முணுமுணுப்பு இருந்தது. ஆனா புதுசா வர்றவர் கட்டுரையில் கைவைக்கிறதுக்கு முன்னாடி படிக்க ஒரு உடன்பாடு எழுத்தில் இருந்தது.

இதில் நான் எடுத்துக்கிட்டது மூணு. தைரியமா மாத்து, யாராவது திருப்பினா மறுபடி மாத்தாம உரையாடல் பக்கத்துக்குப் போ. எதிராளி எந்தப் புத்தகத்தை வெச்சுப் பேசறார்னு கேளு, எந்த ஊர்க்காரர்னு கேட்காதே. பெரிய கேள்வியில் முட்டிக்கிட்டு நின்னா, அதைச் சின்னக் கேள்விகளா உடை. மூணாவதுதான் கஷ்டம், உடைச்சுப் பார்த்தா எதிராளி சொல்றது பாதி இடத்தில் சரின்னு ஒத்துக்க வேண்டிவரும்.

இந்த மாதிரி வேற சண்டை தெரிஞ்சவங்க சொல்லுங்க. அடுத்து அதையும் தோண்டிப் பார்த்துடலாம்.