மருந்து கட்டும் கை



சில ஆண்டுகளுக்கு முன் என் தாயாரின் காலிற் கொதிநீர் கொட்டிவிட்டது. கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்றுவிட்ட ஒரு நாள் மருந்து கட்டினார்கள். காய்ந்து ஒட்டிய துணியை மிஸ்ஸி ஒரே இழுவையில் உரிப்பார், இரத்தம் கசியும். அம்மா பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார். "நொந்தால்தான் புண் மாறும்" என்பது அவரது நம்பிக்கை. தவிரவும், நோகிறது என்று சொல்ல அந்த வாட்டிலே அவருக்கு மொழி இல்லை.

இந்த நம்பிக்கை அம்மாவுக்கு மட்டும் உரியதன்று. ஒரு காலத்தில் ஐரோப்பாவில், துப்பாக்கிச் சூட்டுக் காயத்தில் நஞ்சு உண்டென்று கருதிக் கொதிக்கும் எண்ணெயை வார்த்தார்கள். 1530களில் தூரின் நகரையொட்டிய போரில் அம்புறுவாஸ் பரே என்ற இளம் பிரெஞ்சுச் சத்திரவைத்தியருக்கு எண்ணெய் தீர்ந்துபோயிற்று. முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், டேர்ப்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசிவிட்டு, இரவெல்லாம் அஞ்சி உறக்கமின்றிக் கிடந்தார். விடியப் போய்ப் பார்த்தால், பூச்சுப் பெற்றவர்கள் அதிக நோவின்றி இருந்தார்கள். எண்ணெய் வார்க்கப்பட்டவர்களுக்கோ காய்ச்சலும் வீக்கமும்!

மருந்து திருந்தினாலும் கை திருந்த நெடுங்காலமாயிற்று. 1847இல் வியன்னா மகப்பேற்று மனையில் செம்மெல்வைஸ் என்பவர், பிணப்பரிசோதனையிலிருந்து வரும் வைத்தியர்கள் குளோரின் கலந்த நீரிற் கை கழுவவேண்டுமென்றார். ஏப்ரிலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த தாய்மார் மரணம் யூனில் 2 அளவுக்கு இறங்கியது. ஆயினும், தம் கையே கொன்றது என்பதை ஏற்க வைத்தியர் பலருக்கு மனம் வரவில்லை.

அதே 1847இல்தான் அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இலங்கைக்கு வந்தார். மானிப்பாயில் வைத்தியம் கற்பித்தார். ஆங்கிலத்திற் படித்தவர்கள் உத்தியோகம் தேடி வெளியூர் போய்விடுவதைக் கண்டு, 1860களிற் போதனையைத் தமிழுக்கு மாற்றினார். துறூயித் என்ற இலண்டன் வைத்தியரின் நூல் 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இல் தமிழில் வந்தது. இரணம் என்றால் புண். நோயாளியின் வாயிலுள்ள சொல்லும் வைத்தியனின் ஏட்டிலுள்ள சொல்லும் ஒன்றாகவேண்டும் என்று ஓர் அந்நியருக்குத் தோன்றியதை எண்ணி வியக்கிறேன்.

அந்த 1867இலேயே லிஸ்டரின் கட்டுரைகள் 'லான்செற்' இதழில் வெளிவந்தன. கிளாஸ்கோவில், வண்டிச் சில்லேறி எலும்பு முறிந்து தோலைக் கிழித்த 11 வயதுச் சிறுவனுக்குக் காபோலிக் தோய்த்த துணியால் அவர் கட்டினார். நான்காம் நாள் அவிழ்த்தபோது சீழுமில்லை, நாற்றமுமில்லை. இரு நூல்களும் ஒரே ஆண்டில் அச்சேறியதால் அந்தச் செய்தியை நம் 'இரண வைத்திய'த்தில் எதிர்பார்ப்பதற்கில்லை.

நோகாமற் கட்டுவது பற்றிய ஆராய்ச்சி இன்னும் பிந்தியது. 1962இல் ஜோர்ஜ் விண்டர், பன்றித் தோலில் ஆராய்ந்து, ஈரம் காக்கப்பட்ட புண்ணில் தோல் விரைவாக மூடுகிறது, காய்ந்து பொருக்கு வைத்ததில் தாமதமாகிறது என்று காட்டினார். காய்ந்த துணியை இழுத்தால் புதிதாக வளர்ந்த தசையும் கூடவே வந்துவிடும்.

பின்னொரு நாள் தமிழ் தெரிந்த மிஸ்ஸி ஒருவர் வந்தார். அரைமணி முன்னரே நோவுக் குளிசை கொடுப்பித்தார். சவர்க்காரமிட்டுக் கை கழுவினார். சேலைனால் துணியை நனைத்துவிட்டுக் காத்திருந்தார். பிறகு ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கழற்றினார்.

"அம்மா, நொந்தாச் சொல்லுங்கோ, நிப்பாட்டுறன்."

அம்மா இரண்டு தரம் சொன்னார். இரண்டு தரமும் அந்தக் கை நின்றது.